பத்தொன்பது பேரின் மௌனம்

உஸூலுல் ஃபிக்ஹு பாடத்தில் இஜ்மாவைப் பற்றிய பகுதிக்கு வரும்போதெல்லாம், கிதாபின் நடுவே செருகி வைத்திருக்கும் ஒரு பழைய பத்திரிகைத் துண்டை நம் கை தேடும். காகிதம் பழுப்பேறி, மடித்த இடத்தில் கிழிந்துவிட்டது. அதில் மூன்று எண்கள் இருக்கின்றன: 264, 250, 19. துருக்கிப் பாராளுமன்றத்தில் 2003ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் நடந்த ஒரு வாக்கெடுப்பின் கணக்கு அது. மத்ரஸாப் பாடத்துக்கும் அந்தக் கணக்குக்கும் என்ன உறவு என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு, நாம் பட்ட வெட்கமும் அதில் உண்டு.

அப்போது நமக்கு முப்பது வயது கடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இராக்கின் மீது போர் மூளப்போகிறது என்பது தேநீர்க்கடைப் பெஞ்சு வரை தெரிந்த செய்தி. தெற்கே குவைத்திலிருந்து ஒரு படையும், வடக்கே துருக்கியிலிருந்து மற்றொரு படையுமாக இராக்கினுள் நுழைய அமெரிக்கா திட்டமிட்டிருந்தது. அதற்காகத் துருக்கி அரசு தன் பாராளுமன்றத்தின் முன் ஒரு தீர்மானத்தை வைத்தது. 62,000 அந்நியத் துருப்புக்கள் ஆறு மாத காலம் துருக்கி மண்ணில் தங்கலாம். துருக்கிப் படையும் எல்லை கடந்து செல்லலாம். இரண்டுக்கும் ஒருசேர அனுமதி தருக என்பதே அத்தீர்மானம். சம்மதித்தால் சுமார் 600 கோடி டாலர் உதவியும், அதற்கு மேல் பெருந்தொகைக் கடனும் கிடைக்கும் என்ற பேச்சும் கூடவே இருந்தது. பொருளாதாரம் நொடித்துக் கிடந்த நாட்டுக்கு அது சிறு தொகை அன்று. இஸ்கந்தரூன் துறைமுகத்துக்கு அப்பால் கடலில், அமெரிக்காவின் நான்காம் காலாட்படைப் பிரிவின் தளவாடங்களைச் சுமந்த கப்பல்கள் காத்து நின்றன.

அன்றிரவு இஷாவுக்குப் பின் வானொலியைக் காதருகே வைத்துக்கொண்டு படுத்திருந்தோம். 264 பேர் ஆதரவு, 250 பேர் எதிர்ப்பு என்று முதற்செய்தி வந்தது. நெஞ்சு கசந்தது. வானொலியை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டோம்.

மறுநாள் சுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் ஏழெட்டுப் பேர் அமர்ந்திருந்தபோது, கேளாமலே நாம் பேசத் தொடங்கினோம். துருக்கிப் பாராளுமன்றம் டாலருக்கு விலைபோய்விட்டது என்றோம். அந்த உறுப்பினர்களைப் பற்றி, இங்கே எழுதக் கை கூசும் சில சொற்களையும் சொன்னோம். எல்லோரும் தலையசைத்தார்கள், ஒருவரைத் தவிர. ராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருந்த அவரை எல்லோரும் ஹவில்தார் பாய் என்றே அழைப்போம். அவர் மெதுவாகக் கேட்டார்: "ஹஜ்ரத், ஆஜர் எத்தனை பேர்?"

நமக்கு விளங்கவில்லை. 264 பெரிதா, 250 பெரிதா என்று சற்றே எரிச்சலுடன் திருப்பிக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். பட்டாளத்தில் காலை எழுந்ததும் முதல் வேலை தலை எண்ணுவதுதானாம். வந்தவர் எத்தனை என்று தெரியாமல் மேற்கொண்டு எந்தக் கணக்கும் பேசமாட்டார்களாம். இது அவர் பிற்பாடு சொன்னது.

ஒன்பது மணிக்குப் பத்திரிகை வந்தது. தீர்மானம் தோற்றிருந்தது!

அவையில் அன்று வாக்களித்தோர் 533 பேர். ஆதரித்தோரும் எதிர்த்தோரும் போக, 19 பேர் எப்பக்கமும் சாராமல் நடுநிலை வாக்கு அளித்திருந்தார்கள். எதிர்ப்பைவிட ஆதரவு மிகுதியாக இருந்தால் மட்டும் போதாது, அவைக்கு வந்திருந்தோரில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்பது துருக்கி அரசியல் சாசனத்தின் விதி. அப்படியானால் வேண்டியவை 267 வாக்குகள். மூன்று குறைந்தன. முதலில் அவையிலேயே பலர் தீர்மானம் வென்றதாகத்தான் நினைத்தார்கள்; எதிர்க்கட்சியினர் விதியை எடுத்துக்காட்டிய பிறகே, சபாநாயகர் புலந்த் அரின்ச் அது நிறைவேறவில்லை என்று அறிவித்தார். ஆளுங்கட்சிக்கு அவையில் 360க்கும் அதிகமான உறுப்பினர்கள் இருந்தார்கள் என்பதை நினைவிற்கொண்டு அந்த 264ஐப் பார்க்க வேண்டும். பிரதமர் அப்துல்லாஹ் குல் கொண்டுவந்த தீர்மானத்தை அவருடைய கட்சியினரே பலர் கைவிட்டிருந்தார்கள். காத்திருந்த கப்பல்கள் சூயஸ் கால்வாய் வழியே சுற்றிக்கொண்டு குவைத்துக்குப் போயின.

செய்தி வந்தால் தீர விசாரிப்பது பற்றிய ஹுஜுராத் அத்தியாயப் பாடத்தை எத்தனையோ முறை பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கும் நாம், முதற்செய்தியைக் கேட்டவுடன் நூற்றுக்கணக்கான மனிதர்கள்மீது பழி சுமத்தியிருந்தோம். லுஹருக்கு முன், காலையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்ப் பிழையைச் சொன்னோம். மூன்று பேர் கிடைக்கவில்லை. அவர்கள் அந்தப் பழியை எவ்வளவு தூரம் சுமந்து போனார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

வெட்கம் ஒருபுறமிருக்க, அந்தப் பத்தொன்பது பேரை நம் மனம் விடவில்லை. நம் ஃபிக்ஹில் மௌனத்துக்கு நீண்ட விசாரணை உண்டு. நிகாஹுக்குச் சம்மதம் கேட்கும்போது கன்னிப்பெண் நாணி மௌனமாக இருந்தால் அது சம்மதம். முன்பு மணமாகி இருந்தவளோ வாய்திறந்து சொல்ல வேண்டும். ஒரு முஜ்தஹிது தீர்ப்புக் கூற, மற்றவர்கள் கேட்டுப் பேசாதிருந்தால் அது இஜ்மா ஆகுமா? ஆகும் என்பர் ஹனஃபிகளில் பெரும்பாலோர். பேசாதவன் தலையில் ஒரு சொல்லைக் கட்டக்கூடாது என்பது ஷாஃபி இமாம் அவர்களின் நோக்கு. அங்காராவின் சட்டமோ மூன்றாவது வழி ஒன்றை வைத்திருந்தது. பேசாதவன் தலையில் அது சொல்லைக் கட்டவில்லை. ஆளை மட்டும் எண்ணியது. எங்கள் மௌனத்தைச் சம்மதமாக்கிக்கொள் என்று எந்த அரசும் சொல்ல முடியாதபடி, வந்து அமர்ந்தவர் ஒவ்வொருவரின் சம்மதத்தையும் அரசே தேடிப் பெற வேண்டும் என்று வைத்தது. நாட்டின் பிள்ளைகளை அந்நிய மண்ணுக்கு அனுப்பும் காரியத்தில் இதைவிடப் பொருத்தமான விதியை நாம் கண்டதில்லை.

அந்த நாட்டிலேயே இதற்கு நேர்மாறான சம்பவமும் உண்டு. 1950ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், அத்னான் மெந்தரிஸ் தலைமையிலான அரசு கொரியப் போருக்கு 4,500 பேர் கொண்ட படையை அனுப்ப முடிவெடுத்தது. பாராளுமன்றத்தை அது கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று எதிர்க்கட்சி வாதாடியது, படை போய்விட்டது. அனத்தோலியாவின் கிராமத்துப் பிள்ளைகள், பெயர்கூடக் கேட்டிராத ஒரு தேசத்தின் பனியில் வீரமாகப் போரிட்டார்கள். 700க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. தென்கொரியாவின் பூசான் நகரிலுள்ள ஐக்கிய நாடுகள் மயானத்தில் 462 துருக்கியர்கள் அடக்கமாகியிருக்கிறார்கள். 1952இல் துருக்கிக்கு நேட்டோவில் இடம் கிடைத்தது. அந்த இடத்துக்கு இந்த விலை தகுமா என்ற கேள்வியை, விலை கொடுக்கப்படும் முன்னர் எந்த அவையும் கேட்கவில்லை. பிற்பாடு வந்த 1961ஆம் ஆண்டு அரசியல் சாசனமும், அதன் பின்வந்த 1982ஆம் ஆண்டு சாசனமும், படையை வெளிநாட்டுக்கு அனுப்பவும் அந்நியப் படையை உள்ளே விடவும் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைத்தன.

இதையெல்லாம் ஒருநாள் மாலை ஹவில்தார் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்களை அனுப்பினபோது யார் எண்ணினார்கள் ஹஜ்ரத்?"

அவர் 1987இல் இலங்கைக்குச் சென்ற அமைதிப்படையில் இருந்தவர் என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது. ஜூலை 29ஆம் நாள் கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று; மறுநாளே படை இறங்கத் தொடங்கிவிட்டது. சமாதானம் காக்கப் போனவர்கள் இரண்டே மாதங்களில் யுத்தத்தில் நின்றார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி திரும்பியபோது, சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் உயிர் துறந்திருந்தனர். அங்கே மாண்ட தமிழ்க் குடிமக்களின் கணக்கு வேறு. நமது பாராளுமன்றத்தில் அதுபற்றி அறிக்கைகளும் விவாதங்களும் இல்லாமலில்லை. ஆனால் போகலாமா என்று அவையைக் கேட்டு, வாக்கெண்ணி அனுப்பவில்லை. அப்படிக் கேட்கவேண்டும் என்று நமது அரசியல் சாசனம் அரசைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஹவில்தார் பாய் எதையும் குறைசொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டைச் சோதனையிடப் போனபோது, உள்ளேயிருந்த மூதாட்டி இவர் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீ தமிழ்ப் பிள்ளையா?" என்று கேட்டதை மட்டும் சொன்னார். என்ன பதில் சொன்னீர்கள் என்று நாம் கேட்கவில்லை.

நமது மக்களவையின் நினைவு ஒன்றும் இங்கே வருகிறது. 2003 ஏப்ரல் 8ஆம் நாள் அது இராக் போரைப் பற்றி ஒருமனதாகத் தீர்மானம் இயற்றியது. 'கண்டனம்' என்பதா, 'வருத்தம்' என்பதா என்று கட்சிகளுக்குள் இழுபறி. கடைசியில் இந்தியில் 'நிந்தா' என்ற சொல்லைப் போட்டார்கள். ஆங்கிலத்தில் அதை மென்மையாகவும் பெயர்க்கலாமாம். தமிழில் நிந்தனை என்றால் எவ்வளவு காரம் என்பது நமக்குத் தெரியும்! எப்படியோ, இராக்குக்குப் படை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டபோது, அவ்வாண்டு ஜூலையில் நமது அரசு மறுத்துவிட்டது.

துருக்கி அவையை நாம் மேடையேற்றிப் பாடவும் விரும்பவில்லை. அதே அவை, அதே மாதம் 20ஆம் நாள், 332க்கு 202 என்ற கணக்கில் அமெரிக்க விமானங்களுக்கு வான்வழியைத் திறந்துவிட்டது. அக்டோபரில் இராக்குக்குத் துருக்கிப் படையை அனுப்பவும் 358க்கு 183 என்று அனுமதி தந்தது. இராக்கியர்களே வேண்டாம் என்றதால் படை போகவில்லை. மார்ச் முதல் நாள் தோல்வி ஒரு பிழை என்று ஆட்சியாளர்களே பிற்காலத்தில் சொன்னதுண்டு. இருக்கலாம். ஆலோசனை எப்போதும் வெற்றியையே தரும் என்று யாரும் வாக்களிக்கவில்லையே. உஹதுப் போருக்கு முன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்குள்ளிருந்தே எதிர்க்கலாம் என்று எண்ணியிருந்தும், வெளியே செல்ல வேண்டும் என்ற பெரும்பாலோரின் கருத்தை ஏற்றார்கள். முடிவு துயரமாயிற்று. ஆனால் தோழர்களிடம் ஆலோசனை கேட்கும்படி ஆல இம்ரான் அத்தியாயத்தில் கட்டளை இறங்கியது அந்தத் துயரத்துக்குப் பின்னரே என்பதை முஃபஸ்ஸிரீன்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

நமக்குக் கவலை தருவது தோல்வியும் வெற்றியும் அல்ல, பழக்கம்தான். 2007 அக்டோபரில் வட இராக்கினுள் படை செல்ல 507க்கு 19 என்று அனுமதி கிடைத்தது. (இங்கும் ஒரு 19!) அதன்பின் அந்த அனுமதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. 2014இல் சிரியாவும் இராக்கும் ஒரே தீர்மானத்தில் சேர்க்கப்பட்டு 298க்கு 98 என்று நிறைவேறியது. 2020 ஜனவரி 2இல் லிபியாவுக்கு, 325க்கு 184. 2021இல் சிரியா, இராக் அனுமதி ஓராண்டுக்குப் பதிலாக ஈராண்டுக்கு என்று நீட்டப்பட்டது. கேள்வி கேட்கும் சடங்கு நிற்கவில்லை. கேட்பவருக்குப் பதில் முன்பே தெரிந்திருந்தது. வாடகைச் சீட்டைப் புதுப்பிப்பது போலப் போரைப் புதுப்பிக்கும் அவையில், ஆஜரானோரை எண்ணும் விதி இருந்து என்ன பயன்?

பிரிட்டனில் இது மற்றொரு விதமாக நடந்தது. 2003 மார்ச் 18இல் 412க்கு 149 என்று இராக் போருக்கு அனுமதி தந்த பாராளுமன்றம், 2013 ஆகஸ்டில் சிரியாவைத் தாக்கும் யோசனையை 285க்கு 272 என்று மறுத்தது, பிரதமரும் பணிந்தார். ஆனால் அங்கே அது மரபு மட்டுமே, சட்டமன்று. 2018 ஏப்ரலில் பாராளுமன்றம் விடுமுறையில் இருந்தபோதே சிரியாவின்மீது குண்டு வீசிவிட்டு, அவை கூடியபின் வந்து விளக்கம் சொன்னார்கள். தலாக் சொல்லிவிட்டுப் பிறகு ஜமாஅத்தாரிடம் ஆலோசனை கேட்க வருகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

ஹவில்தார் பாய் மௌத்தாகிச் சில வருடங்களாகின்றன. பத்திரிகைத் துண்டு மட்டும் நம்மிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்தப் பாடம் வரும்போது, கரும்பலகையில் முதலிரண்டு எண்களைப் பெரிதாகவும் மூன்றாவதை ஓரத்தில் சிறிதாகவும் எழுதி, தீர்மானம் வென்றதா, தோற்றதா என்று பிள்ளைகளைக் கேட்போம். இவ்வாண்டும் கேட்டோம். முன்வரிசையில் இருந்தவன் சட்டென்று, "ஜெயித்துவிட்டது ஹஜ்ரத்" என்றான். வகுப்பு முழுவதும் ஆமோதித்தது. சுவரோரம் சாய்ந்திருந்த ஒருவன் மட்டும் பலகையின் ஓரத்தையே சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "ஹஜ்ரத், அந்தப் பத்தொன்பது பேரும் அங்கேதானே உட்கார்ந்திருந்தார்கள்?" என்று கேட்டான்.