மூன்று மீட்டர் தூரம்

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். தொகுப்பில் பாதிக்கு மேல் கடல். எழுதியவர் கடலுக்கு வெகு தொலைவில், மலையடிவார ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். ‘இது நூலகத்துக் கடல், இதில் உப்பு இல்லை’ என்று முடித்திருந்தேன். அந்த வாக்கியம் நண்பர்களிடையே கொஞ்ச நாள் புழங்கியது. எனக்கும் அதில் உள்ளூரச் சந்தோஷம்தான். பிறகு அவரிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. ஒரே வரி: ‘தாங்கள் எந்தக் கடலைப் பார்த்திருக்கிறீர்கள்?’ நான் பதில் போடவில்லை.

அந்தக் கார்டுதான் என்னை மாலத்தீவுக்கு அனுப்பியது என்று சொன்னால் பொய்யாகிவிடும். பாங்கில் விடுப்பு மீதியிருந்தது. கடலில் மூழ்குவதில் பைத்தியமாக இருக்கும் மைத்துனன் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டான். திருவனந்தபுரத்திலிருந்து மாலே போய், அங்கிருந்து விசைப்படகில் தென் ஆரித் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த திகுரா என்ற ஒடுங்கிய நீளத் தீவில் இறங்கினோம். அந்தத் தீவுக்கூட்டத்தின் தெற்கு விளிம்பில் 42 சதுர கிலோமீட்டர் கடல் 2009லிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதி. திமிங்கிலச் சுறாவைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஆட்கள் வருகிறார்கள். மீன்களில் அதுதான் பெரியது. பெயரில்தான் திமிங்கிலம், ஜாதியில் சுறா, ஆனால் தின்பதெல்லாம் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் சின்ன மீன்களும்.

விடுதியின் விளம்பரத்தாள் ‘வலசை போகும் பேருயிர்’ என்றது. வலசை உண்மைதான். பனாமாவின் கோய்பா தீவருகே 2011ல் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண் சுறா, பசிபிக்கைக் கடந்து மரியானா ஆழிவரை 20,000 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறது. ஆனால் தென் ஆரியில் காண்பவை பெரும்பாலும் வயதுக்கு வராத ஆண் சுறாக்கள்; அதே விளிம்பில் வருஷம் முழுவதும் தென்படுபவை. விளம்பரத்தாளும் நூலகத்துக் கடல்தான் என்று நினைத்துக்கொண்டேன். விமர்சகனுக்கு எங்கே போனாலும் வேலை இருக்கிறது.

முதல் இரண்டு நாள் சிலிண்டர் கட்டிக்கொண்டு மூழ்கப் பயிற்சி. மூச்சை அடக்கக் கூடாது என்பது முதல் பாடம். தண்ணீருக்குள் போகிறவன் மூச்சை அடக்குகிறான் என்றுதானே இத்தனை காலம் நினைத்திருந்தேன். இறங்க இறங்க மூக்கைப் பிடித்துக்கொண்டு காதுக்குக் காற்றை ஊத வேண்டும். பேச்சு கிடையாது, கைச்சைகைதான். பவளப்பாறைமேல் ஓர் ஆமையைக் கண்ட பரவசத்தில் பயிற்சியாளரிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்து நிதானமாக மேலே கொண்டுவந்து விட்டுவிட்டார். அந்தப் பாஷையில் அதற்குப் ‘பிரமாதம்’ என்று அர்த்தமில்லை. ‘மேலே போக வேண்டும்’ என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் சுறாவைத் தேடிப் போனோம். படகை அவர்களும் தோணி என்றுதான் சொல்கிறார்கள். கூரைமேல் ஒருவர் நின்று பாறை விளிம்பில் நிழல் தேடினார். 1,900 மீட்டருக்கும் கீழே போகக்கூடிய மீன் அது. அங்கே மேல்மட்டத்தில் சோம்பலாக நீந்துகிறது. அதனால் கற்றுக்கொண்ட வித்தைக்கு வேலையில்லை. சிலிண்டர் கரையிலேயே கிடந்தது. முகமூடியும் மூச்சுக்குழாயும் போதும். விதிகள் எளியவை: தொடக் கூடாது, உடம்பிலிருந்து மூன்று மீட்டர், வாலிலிருந்து நான்கு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். கூரையிலிருந்து சத்தம் வந்தது. குதித்தோம்.

எங்களுக்கு முன்பே நாலைந்து தோணி ஆட்கள் குதித்திருந்தார்கள். முதலில் தெரிந்தவை கால்கள். பிறகு அவற்றுக்குக் கீழே அது. ஆறு மீட்டர் இருக்கும். அகலமான தலை, மிகச் சின்னக் கண், சாம்பல் முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். எங்களைப் பொருட்படுத்தவில்லை. வால் இரண்டு முறை அசைந்ததும் நான் பின்தங்கிவிட்டேன். மொத்தம் நாற்பது விநாடி இருக்கலாம். அதற்குள் மனசில் எழுந்தது ஒரே ஓர் உவமை: நட்சத்திரம் இறைந்த வானம். என்னுடையது என்ற பெருமையோடு அதைப் பிடித்துக்கொண்டு தோணியில் ஏறினேன்.

இரவு விடுதியில் கிடந்த புத்தகம் அந்தப் பெருமையைப் பறித்துக்கொண்டது. மடகாஸ்கரில் அந்த மீனின் பெயருக்கே ‘பல நட்சத்திரம்’ என்று பொருளாம். ஜாவாவில் ‘முதுகில் நட்சத்திரம்’. அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு சுறாவுக்கும் செவுளுக்குப் பின்னால் உள்ள புள்ளிக்கோலம் தனி. வானப் படங்களில் நட்சத்திரங்களைப் பொருத்திப் பார்க்க 1986ல் ஒரு வானவியலாளர் வகுத்த கணித முறையைத்தான் 2005ல் இந்தப் புள்ளிகளுக்கும் பயன்படுத்தினார்கள். கவுண்டரில் நான் காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுகிற காரியம்தான். சுற்றுலா வருகிறவர்கள் எடுக்கும் படங்களும் அந்த ஒப்பீட்டுக்கு உதவுகின்றன. மைத்துனன் எடுத்திருந்த படத்தில் புள்ளிகளுக்கு நடுவே ஒரு வெட்டுத் தழும்பும் தெரிந்தது. படகின் விசிறி பட்டது. அங்குள்ள சுறாக்களில் பலவற்றுக்கு அது உண்டு. பார்க்கப் போகிற படகும் படகுதான்.

நேரடி அனுபவம் என்று இந்தப் பக்கங்களில் நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். நான் கடலுக்குள்ளேயே இறங்கிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்தது ஊரார் உவமை. கண் போவதற்கு முன்பே பாஷை அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. இது பார்வையின் தோல்வி என்று முதலில் தோன்றியது. குஜராத்தை நினைத்தபோது அவ்வளவு சுலபமில்லை என்று பட்டது.

மாலத்தீவில் 1995ல் தடை வரும்வரை இந்த மீனைப் பிடித்து, ஈரல் எண்ணெயைப் படகு மரத்துக்குப் பூசினார்கள். குஜராத் கரையிலும் அதே எண்ணெய் அதே காரியத்துக்குப் பயன்பட்டது. பிறகு ஏற்றுமதிக்காகவும் கொன்றார்கள். தூண்டிலோடு பீப்பாய்களைக் கட்டி மீனை ஓய வைப்பார்கள். அதனால் மீனுக்கே ‘பாரல்’ என்று பெயர். அதை அவர்களைவிடக் கிட்டத்தில் பார்த்தவர் யார்? 2000ல் மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் வந்தது. 2001ல் சட்டம் வந்தது. 2004ல் ராமகதை சொல்லும் மொராரி பாபு, அந்த மீன் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று வெராவல் கரை மக்களிடம் பேசினார். ‘பாரல்’ போய் ‘வஹாலி’, பிரியமானவள், என்ற பெயர் வந்தது. அதன் பிறகு மீனவர்களே வலையை அறுத்து நூற்றுக்கணக்கில் விடுவித்திருக்கிறார்கள். அறுந்த வலைக்கு அரசு ஈடு கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பீப்பாய்க்காக எவன் வலையை அறுப்பான்? உவமை கதைசொல்லியுடையது. உப்பு அதிலும் இருந்திருக்கிறது.

ஊர் திரும்பியதும் அந்தத் தொகுப்பை மறுபடி படித்தேன். பாதிக் கவிதைகள் இப்போதும் எனக்குச் சரிப்படவில்லை. ஒரு படிமத்தை நிற்கவிடாமல் அடுத்ததைத் துரத்துகிறார். அது கவிதையின் குறை, சொல்லலாம். ‘உப்பு இல்லை’ என்றது அவருடைய விலாசத்தைப் பார்த்துச் சொன்னது. ஒரு மீனுக்கு விட்ட தூரத்தைக்கூட அந்தக் கவிதைகளுக்கு நான் விட்டிருக்கவில்லை.

அவருக்கு ஒரு கார்டு எழுதினேன்: ‘தென் ஆரிக் கடல். நாற்பது விநாடி. பார்த்துவிட்டதாகச் சொல்லத் தைரியமில்லை. மதிப்புரையின் கடைசி வாக்கியத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.’ கார்டை அவர் ஒருவர்தான் படிப்பார். அந்த வாக்கியம் அச்சில் வந்தது. ஆகவே இங்கேயும் எழுதுகிறேன்.