இராவணனோடு ஒரு விமானப் பயணம்

இராவணனைக் கையில் பிடித்துக்கொண்டு விமானம் ஏற முயன்றவர்கள் உங்களில் யாரும் இருக்கமாட்டீர்கள். நான் முயன்றேன். இராவணன் மட்டுமா? இராமர், சீதை, இலக்குவன், அனுமன், கூடவே ஒரு கோமாளி. ஆறு பேரையும் கோத்தா பாருவிலிருந்து எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் நான் பட்ட பாட்டைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் தோட்டம் கோல சிலாங்கூர் பக்கம். ஒரு காலத்தில் ரப்பர். இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. பள்ளியில் முப்பத்தொரு பிள்ளைகள். சென்ற ஆண்டு இராமாயணக் கதை சொன்னபோது பிஸ்கட் பெட்டி அட்டையில் பொம்மைகள் வெட்டி, என் வீட்டுக்காரரின் வேட்டியைத் திரையாகக் கட்டி, நிழல் காட்டினேன். எல்லாம் முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், டி.வி.யில மலாய்க்காரங்க ஆட்டுறாங்களே, அந்த நெசப் பொம்மை நமக்குக் கிடைக்காதா?" என்று கேட்டான். பெற்றோர் கூட்டத்தில் இதை வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர்கள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. முடிந்தவர் ஐம்பது வெள்ளி, முடியாதவர் ஐந்து வெள்ளி என்று 600 வெள்ளி சேர்த்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டார்கள். உதிரிப்பழம் பொறுக்கிய காசு அது. அது எப்படி வருகிற காசு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு விரைவுப் பேருந்தில் கிளம்பினேன். திங்கட்கிழமை காலை மணியடிக்கும்போது பள்ளியில் நிற்க வேண்டுமே! இரண்டு இரவு பேருந்தில் உட்கார என் முதுகு ஒப்பவில்லை. அதனால் திரும்பி வர ஞாயிறு மதியம் விமானச் சீட்டு. என் நாற்பத்தாறு வயதில் முதல் விமானப் பயணம் அதுதான்.

கோத்தா பாருவில் இறங்கியதும் நாசி கெராபு பசியாறினேன். சோறு நீலமாக இருக்கும். பயப்படாதீர்கள், நம் வீட்டு வேலியில் படர்கிற சங்குப்பூவின் சாயம்தான். கிளந்தானில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஊரே நிதானமாக இருந்தது. டாக்சி பிடித்து, ஊருக்கு வெளியே ஒரு கம்பத்தில் இருந்த பெரியவர் வீட்டுக்குப் போனேன். வாயாங் கூலிட் ஆட்டுகிறவரை டாலாங் என்பார்கள். இவர் ஆட்டவும் செய்வார், பொம்மை வெட்டவும் செய்வார். எழுபதைத் தாண்டிய வயது. நான் 'பாச்சிக்' என்றேன். அவர் 'சிக்கு' என்றார்.

வீட்டுக்குப் பின்னால், மரச் சட்டத்தில் மாட்டுத்தோலை நாலாபுறமும் கயிறு போட்டு இழுத்துக் கட்டிக் காயவைத்திருந்தார். தோலை ஊறவைத்து, மயிரையும் கொழுப்பையும் சுரண்டி, வெயிலில் காயவிட வேண்டும். காய்ந்தபின் அது அப்பளம்போல் விறைத்து, வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறத்தில் தெரிகிறது. அதன்மேல் உருவத்தை வரைந்து, சின்னச் சின்ன உளிகளால் தட்டித் தட்டித் துளை போடுகிறார். இராமரின் கிரீடத்தில் மட்டும் எத்தனை துளை என்று எண்ண ஆரம்பித்து, இருநூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். பிறகு வெளிச்சம் ஊடுருவும்படி மெல்லிய சாயம். நமக்கு இராமர் நீலம். அவர்களுக்கு இராமர் பச்சை. இலட்சுமணன் சிவப்பு. அனுமன் வெள்ளை.

கடைசியில் முதுகோடு சேர்த்து ஒரு மூங்கில் குச்சி கட்டுகிறார். அதன் அடிமுனை ஈட்டிபோல் கூராக இருக்கும். திரைக்குக் கீழே வாழைத்தண்டைப் படுக்கப்போட்டு, பேசாத பாத்திரங்களை அதில் குத்தி நிறுத்த அந்தக் கூர் வேண்டும். இந்தக் கூரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

கதையும் நம் கதையேதான், ஆனால் வேறு பிள்ளை. இராமர் அங்கே 'ஸ்ரீ ராமா', சீதை 'சித்தி தேவி', இராவணன் 'மகாராஜா வானா'. பழைய மலாய் நூலான 'ஹிகாயத் ஸ்ரீ ராமா'வில் சீதை இராவணனுக்குப் பிறந்த மகள். அனுமனோ இராமருக்குப் பிறந்த மகன். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியவர் சிரித்தார். "உங்கள் ஊரிலிருந்துதான் வந்தது, சிக்கு. வழியில் கொஞ்சம் வளர்ந்துவிட்டது" என்றார்.

அவரிடம் ஒரு வருத்தமும் இருந்தது. 1990இல் மாநிலத்தில் ஆட்சி மாறியபின் பொது இடங்களில் வாயாங் கூலிட்டுக்குத் தடை வந்தது. பிற்காலத்தில் கட்டுப்பாடுகளோடு அது தளர்ந்தாலும், இடைப்பட்ட காலத்தில் பலர் தொழிலை விட்டுவிட்டார்கள். அவருடைய மகன்கள் இருவரும் கோலாலம்பூரில் வேலை செய்கிறார்களாம். எங்கள் தோட்டத்திலும் இந்தக் கதைதானே என்று நினைத்துக்கொண்டேன்; சொல்லவில்லை.

கோமாளிகளில் பெரியவன் பா டோகோல். வானத்துத் தேவனே அப்படி இறங்கி வந்ததாகப் பழைய டாலாங்குகளின் நம்பிக்கை. தம்முடையதை அவர் தொடக்கூட விடவில்லை. அவனுடைய தோழன் வா லோங்கைத்தான் எனக்குக் கொடுத்தார். ஆறு பொம்மைக்கு 540 வெள்ளி. ஆட்டத்தின் தொடக்கத்தில் வருகிற மரத்தின் உருவத்தையும் வாங்க ஆசைதான். மிச்சக் காசு போதவில்லை.

ஞாயிறு மதியம் பெங்காலான் செப்பா விமான நிலையத்துக்கு வந்துவிட்டேன். 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பான்காரன் பக்கத்துக் கடற்கரையில் இறங்கியதே இந்த விமானத் தளத்தைப் பிடிக்கத்தான். எங்கள் தாத்தா காலத்துத் துன்பமெல்லாம் தொடங்கிய இடம். நான் அதையெல்லாம் நினைத்து உருக அன்று நேரம் கிடைக்கவில்லை.

பொம்மைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் பாத்தேக் துணி வைத்து, இரண்டு பக்கமும் அட்டை கொடுத்துக் கட்டியிருந்தேன். செய்தித்தாள் வைக்கக்கூடாது, மை ஒட்டும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். கைப்பைக்கு ஏழு கிலோ அளவு. என் கட்டு இரண்டு கிலோகூட இல்லை. தைரியமாகப் போய் எக்ஸ்ரே கருவியில் வைத்தேன்.

பட்டை நின்றது. ஓர் இளைஞர், "இது என்ன?" என்று கேட்டார். அவிழ்த்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஸ்ரீ ராமா!" என்று பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். தம் தாத்தா தோளில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்த கதையைக்கூடச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குப் பிறகு குச்சியின் முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். "மன்னியுங்கள், சிக்கு. இந்தக் கூர் முனை விமானத்துக்குள் போகக்கூடாது" என்றார்.

கெஞ்சினேன். பிள்ளைகளின் பொருள் என்றேன். "முனையை வெட்டிவிடலாம், கத்தரி தருகிறேன்" என்று நல்ல மனத்தோடுதான் சொன்னார். வெட்டினால் வாழைத்தண்டில் எதைக் குத்துவது? முப்பத்தொரு வீட்டுக் காசை முனை மழுக்கிக் கொண்டுபோவதா? முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் மேல் குற்றமில்லை. அவர் வேலையை அவர் செய்தார்.

திரும்ப ஓடினேன். சாமான் ஒப்படைக்கும் இடத்தை மூட இன்னும் பத்தே நிமிடம். அங்கிருந்த பெண் 70 வெள்ளி கேட்டாள். மீதிக் காசு 60. மேல் 10 என் சொந்தக் காசு. 'உடையும் பொருள்' என்று ஒரு சிவப்புத் தாளை ஒட்டினாள். அந்தத் தாளை யார் படிக்கிறார்களோ, நான் அறியேன். கட்டு பட்டையில் ஏறி, இரப்பர்த் திரையைத் தள்ளிக்கொண்டு மறைந்தபோது, பெற்ற பிள்ளையைத் தெரியாதவர் கையில் கொடுத்ததுபோல் இருந்தது.

விமானத்தில் சன்னலோர இருக்கை கிடைத்தது. கீழே மலைத்தொடர் பச்சைப் பாயாக விரிந்திருந்ததாம். பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் தெரியும். ஒரு மணி நேரமும் என் நினைப்பெல்லாம் காலுக்குக் கீழே, பெட்டிகளுக்கு நடுவில் கிடக்கிற சீதைமேல்தான். முதல் விமானப் பயணம் எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களுக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சிப்பாங்கில் எல்லாருடைய சாமானும் வந்து முடிந்தபிறகு, கடைசியாக வந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அவிழ்த்தேன். இராவணனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அவனுக்கு என்ன! சீதையின் கைதான் மூட்டு நூல் அறுந்து தனியே கிடந்தது. அனுமனின் குச்சியில் நடுவே விரிசல். சிவப்புத் தாள் மட்டும் பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றிரவே பெரியவருக்குப் போன் செய்தேன். அவர் பதறவில்லை. "குச்சி நூலால்தானே கட்டியிருக்கிறது? விமானம் என்று முன்பே சொல்லியிருந்தால் தனியாகக் கொடுத்திருப்பேனே. தோலைக் கையில் கொண்டுபோங்கள், குச்சியைச் சாமானில் போடுங்கள், வீட்டில் கட்டிக்கொள்ளுங்கள். குச்சி உடைந்தால் மூங்கில் எங்கும் கிடைக்கும்" என்றார். பேருந்து என்றே அவர் நினைத்திருந்தார். நான் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. ஆகையால் வாசகர்களே, கைவேலைப் பொருள் எது வாங்கினாலும், எதில் ஏறிப் போகப்போகிறீர்கள் என்று செய்தவரிடமே சொல்லிவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரிலும் தோல் பொம்மையை விட்டுவிடாதீர்கள், சுருண்டுபோகும்.

சீதையின் கையை ஒட்டவைத்தவர் எங்கள் லயத்துப் பாட்டி ஒருவர். நாற்பது வருஷம் பால்மரம் வெட்டிய கை. தூண்டில் நரம்பைக் கோத்து, இரண்டு பக்கமும் முடிச்சுப்போட்டு, "இப்ப ஆட்டிப் பாரு டீச்சரம்மா" என்றார். முன்னைவிட நன்றாக ஆடியது.

அந்த வாரம் சனிக்கிழமை இரவு பள்ளி மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, ஒரு குண்டு பல்பு போட்டு, லயத்துக்குப் பின்னால் வெட்டிய வாழைத்தண்டில் ஆறு பேரையும் குத்தி நிறுத்தினோம். கூர் முனை சதக்கென்று இறங்கியது. அனுமன் இராமரின் பிள்ளை என்று நான் சொன்னதும் கூட்டத்தில் ஒரே கூச்சல். ஆளுக்கு ஆள் கட்சி கட்டிக்கொண்டார்கள். பெருக்கிச் சாத்தும்போது மணி பதினொன்றாகிவிட்டது. அப்போதும் வாசலில் இரண்டு பெரியவர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மரத்தின் உருவத்துக்காக மறுபடி ஒரு டின்னில் காசு சேர்கிறது. இம்முறையும் விமானத்தில்தான் வருவேன். குச்சியைத் தனியே தரும்படி பெரியவரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.