ஆயுத பூஜை சர்வர்

சித்தப்பாவிடமிருந்து போன்.

‘‘டேய், லேப்டாப்பைத் தூக்கிட்டு உடனே கிளம்பி வா. இங்கே ஒரு ஜீவன் இழுத்துக்கிட்டுக் கிடக்கு!’’

பதறிப்போய் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி, வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல் போய்ச் சேர்ந்தேன். 2025-ல் ரீல்ஸ் புண்ணியத்தில் கூமாபட்டி உலகப் புகழ் அடைந்ததே, அதற்குப் பக்கம்தான். பெரியாறு, கோவிலாறு என்று ரெண்டு அணை, பின்னால் மலை, சிலுசிலுவென்று காற்று. சித்தப்பா எதையும் பார்க்க விடவில்லை. நேராக உள்ரூம்.

இழுத்துக்கொண்டு கிடந்த ஜீவன், ஒரு 486 கம்ப்யூட்டர்!

சித்தப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கணக்கராக இருந்தவர். 2005-ல் மில்லை மூடியபோது, பழைய இரும்புக்குப் போக இருந்த சர்வரைக் காசு கொடுத்து வாங்கி வந்துவிட்டார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து ஸ்விட்சைப் போடுவார். அது ‘கர்ர்’ரென்று கண் விழிக்கும். சுண்டல் தீர்ந்ததும் நிறுத்திவிடுவார். சித்தி உள்பட எல்லோருக்கும் சிரிப்பு.

இந்தத் தடவை விஷயம் சிரிப்பில்லை. மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த அக்கா ஒருவருக்கு 58 வயது ஆகிவிட்டது. 1995-ம் வருஷத்து ஊழியர் பென்ஷன் திட்டப்படி மாதப் பென்ஷன் வாங்க 10 வருஷ சர்வீஸ் வேண்டும். மிச்சம் ஆறு மாசமோ அதற்கு மேலோ இருந்தால், அதையும் ஒரு வருஷமாகச் சேர்த்துக்கொள்வார்கள். அக்கா கையில் இருக்கும் சர்டிபிகேட்டில் சேர்ந்தது 1996 செப்டம்பர். மில் மூடியது 2005 அக்டோபர். 9 வருஷம், ஒரு மாசம். அவுட்!

‘‘நான் 95 கார்த்திகையிலயே சேர்ந்துட்டேன் சார்’’ என்கிறார் அக்கா. பேப்பர் ரிஜிஸ்டர்களைக் கரையான் தின்று ஏப்பம் விட்டாயிற்று. மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, இந்த 486-ன் வயிற்றில்.

நான் பி.காம். பத்து வருஷமாக லேப்டாப்பில் லினக்ஸ் வைத்திருக்கிறேன். கொள்கை எல்லாம் இல்லை, விண்டோஸுக்குக் காசு கொடுக்க மனசு வரவில்லை. அந்த ஒரு தகுதியில்தான் எனக்கு அழைப்பு.

முதல் கண்டம், மதர்போர்டு பேட்டரி செத்துவிட்டது. தன் ஹார்ட் டிஸ்க் எவ்வளவு பெரிசு என்பதே சர்வருக்கு மறந்து போச்சு. டிஸ்க்கின் மேல் லேபிளில் அச்சடித்திருந்த நம்பர்களைப் பார்த்துத் தட்டியதும் ஞாபகம் வந்தது. உள்ளே நாவெல் நெட்வேர் 3.12. 1993 சரக்கு. அதன் திரையில் சம்பள ஃபைலைத் திறந்து பார்க்க முடியாது. இன்னொரு கம்ப்யூட்டர் கேபிள் வழியாகக் கேட்டால்தான் கொடுக்கும். கேட்க வேண்டிய பாஷை, ஐ.பி.எக்ஸ்.

ஜெராக்ஸ் கம்பெனியின் பழைய பாஷை ஒன்றிலிருந்து நாவெல் உருவாக்கியது அது. 90-களில் மில், பேங்க், காலேஜ் எங்கும் அதுதான். அப்புறம் இன்டர்நெட் வந்து, டி.சி.பி./ஐ.பி. ஊர்ப் பொதுப் பேச்சு ஆகிவிட்டது. 1998-ல் நாவெலே அந்தப் பக்கம் சாய்ந்தது. 2007-ல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் ஐ.பி.எக்ஸ் இல்லை. லினக்ஸ் மட்டும் வைத்துக் காப்பாற்றியது, 2018 வரை. அந்த வருஷம் அங்கேயும் நீக்கிவிட்டார்கள். கெட்டுப் போனது என்று இல்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

சரி, பாட்டியின் பேச்சு புரியவில்லையென்றால் என்ன செய்வோம்? புரிந்த பெரியவர் ஒருவரை அழைத்து வருவோம். என் புது லினக்ஸுக்குள், டப்பாவுக்குள் டப்பாவாக, ஐ.பி.எக்ஸ் தெரிந்த ஒரு பழைய லினக்ஸை ஓட்டினேன். புதியவனுக்கு பாஷை தெரிய வேண்டாம். வருகிற கவரைப் பிரிக்காமல் உள்ளே தள்ளுகிற போஸ்ட்மேன் வேலை பார்த்தால் போதும்.

கேபிள்? சர்வரில் இருந்தது டி.வி. கேபிள் மாதிரி உருண்டை ஒயர். ரெண்டு வகை ஒயரும் மாட்டுகிற பழைய ஹப் ஒன்றை சித்தப்பா பரணிலிருந்து இறக்கினார். ஒயரின் ரெண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டாவிட்டால் சிக்னல் சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பி வந்து குழப்பும். அந்த ரெண்டும் விபூதி டப்பாவில் பத்திரமாக இருந்தன!

எல்லாம் மாட்டியாச்சு. பதில் இல்லை. ராத்திரி பதினொன்றரை. வாசலில் ராஜபாளையம் நாய்கூட என்னைப் பார்த்துக் குரைத்து அலுத்துவிட்டது.

‘‘என்ன ஃப்ரேம் போட்டிருக்கே?’’ என்றார் சித்தப்பா திடீரென்று.

‘‘802.2. நெட்வேர் 3.12-க்கு அதுதானே சித்தப்பா?’’

‘‘புஸ்தகத்துல அப்படித்தான்டா இருக்கும். நாங்க 3.11-லேர்ந்து மாறினவங்க. மத்த மெஷினெல்லாம் குழம்பிடக் கூடாதுன்னு பழைய 802.3-யையே விட்டுட்டோம்.’’

அதே கல்யாணப் பத்திரிகைதான். கவர்தான் வேறே. கவர் மாறினால் சம்பந்தி வாங்க மாட்டார். மாற்றினேன். திரையில் சர்வரின் பெயர் எழும்பியது! சித்தப்பா, ‘‘தள்ளி உட்காரு’’ என்று சொல்லி, பாஸ்வேர்டைத் தானே அடித்தார்.

சம்பள ஃபைல்கள் எல்லாம் ஃபாக்ஸ்புரோ. லிப்ரே ஆபீஸில் திறந்தன. தேடினோம். அக்காவின் பெயர், பி.எஃப். நம்பர், சேர்ந்த தேதி 1-12-1995. முதல் மாதத்திலிருந்தே பி.எஃப். பிடித்தம். 9 வருஷம், 10 மாசம். அதாவது 10!

நான் கையைத் தட்டினேன். சித்தப்பா தட்டவில்லை.

‘‘அந்த சர்டிபிகேட்டை எழுதினது நான்தான்டா’’ என்றார். ‘‘மில் மூடின வாரம். ஒரே நாள்ல அத்தனை பேருக்கும் எழுதணும். அடுத்த வரியில இருந்த தேதியைப் பார்த்து எழுதியிருக்கேன்.’’

அது தெரியாமலேயே இருபது வருஷம் குங்குமம் வைத்திருக்கிறார். நான் ஒன்றும் பேசவில்லை.

காலையில் வத்திராயிருப்பில் பிரின்ட் எடுத்து, சித்தப்பா தன் தப்பை ஒப்புக்கொண்டு ஒரு கடிதமும் எழுதிச் சேர்த்தார். அக்கா மனு கொடுத்தாயிற்று. இனி அவர்கள் கையில். எல்லா ஃபைல்களையும் லேப்டாப்பில் நகல் எடுத்துவிட்டேன்.

‘‘இனிமே இதுக்கு ஓய்வு கொடுத்துடலாமே சித்தப்பா?’’

‘‘அன்னிக்கு நான் எழுதினது அந்த ஒரு சர்டிபிகேட்தானா?’’ என்று கண்ணாடியைத் துடைத்தார். ‘‘அடுத்த சனிக்கிழமை வந்துடு. ஏ-யிலேர்ந்து ஆரம்பிப்போம்.’’

போகத்தான் வேண்டும். அணையை வேறு இன்னும் பார்க்கவில்லை.