வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்களின் ஊர்

திருப்பூரில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள், கைமடி, செக்கிங் ஆட்கள் தேவை. தங்கும் வசதி உண்டு.' குடும்பமாக வந்தாலும் சேர்த்துக்கொள்வதாகச் சில தாள்களில் கூடுதலாக ஒரு வரி இருக்கும். இந்த ஊரைப் புரிந்துகொள்ள அந்த ஒரு வரி போதும்.

வளைகுடாவுக்கு ஆண் மட்டும் போனான், மாதாமாதம் பணம் அனுப்பினான். திருப்பூருக்குக் குடும்பமே கிளம்பி வந்தது. பனியன் வேலையின் அமைப்பு அப்படி. அப்பா அயர்ன் மேசையில் நிற்பார், அம்மா பிசிறு வெட்டுவார், மூத்தவள் செக்கிங் பார்ப்பாள். பையன் கைமடியாகச் சேர்ந்து, டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்துக்கொண்டே மிஷின் பழகிவிடுவான். ஒருவர் கூலியில் லைன் வீட்டு வாடகை கொடுத்துக் குடித்தனம் நடத்துவது கஷ்டம். நாலு பேர் கூலி சேர்ந்தால் ஊர்க்கடன் அடைபடும். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளின் கூலியும் ஒரு காலத்தில் அந்தக் கணக்கில் இருந்தது. பனியன் நகரின் பெருமை பேசுகிறவர்கள் அதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

வந்தேறுவது இந்த ஊருக்குப் பழக்கம்தான். 1932இல் தடியடிபட்டு உயிர்விட்ட கொடிகாத்த குமரனே சென்னிமலைக்காரர். மில் வேலைக்காக இங்கே வந்தவர். பிறகு அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கத்து மானாவாரிக் காடுகளிலிருந்து கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். தொழிலாளியாகச் சேர்ந்து, கூட்டு வைத்து, சிலர் முதலாளியும் ஆனார்கள். எழுபதுகளின் கடைசியில் ஐரோப்பிய ஆர்டர்கள் வரத் தொடங்கியதும் பக்கத்து ஊர் ஆட்கள் போதவில்லை. தேனி, உசிலம்பட்டி, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று தெற்கிலிருந்து ஆள் வந்தது. காவிரித் தண்ணீர் பொய்த்த 2002க்குப் பிறகு டெல்டாவிலிருந்தும் வந்தது. 2001 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்தை எட்டாத நகரம், பக்கத்து நகராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்ட மாநகராட்சியாக 2011 கணக்கில் எட்டே முக்கால் லட்சத்தைத் தாண்டியது.

பாண்டியன் நகர், வேலம்பாளையம், அங்கேரிபாளையம் எங்கே போனாலும் லைன் வீடுகள்தான். எதிரும் புதிருமாகப் பத்துப் பன்னிரண்டு கதவுகள், நடுவில் ஆள் நடக்கச் சந்து, கோடியில் பொதுக் கழிப்பறை. உப்புத் தண்ணி எப்போதும் வரும். நல்ல தண்ணி வரும் நாளில் சந்து முழுக்கக் குடம். காலை எட்டரைக்குப் போனால் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். யாரும் அதோடு வருவதில்லை. ராத்திரி எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். கூலியும் அந்தக் கணக்கில்தான். சனிக்கிழமை ராத்திரி சம்பளம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே அந்த வாரம் ஆர்டர் எப்படி என்று சொல்லிவிடலாம்.

இப்படிக் குடும்பத்தோடு ஊர் பெயர்ந்தவர்கள் வேறிடத்திலும் உண்டு. நியூசிலாந்தின் மாவோரி மக்களும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிராமங்களை விட்டு ஆக்லாந்து, வெலிங்டன் என்று குடும்பம் குடும்பமாகப் போனார்கள். போருக்கு முன் பெரும்பாலோர் கிராமத்தில். 1986க்குள் ஐந்தில் நான்கு பேர் நகரத்தில். ஆனால் அவர்கள் போன இடத்தில் தங்கள் 'மராய்' எனும் பொது மன்றங்களைப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். சாவும் விருந்தும் அங்கேயே நடக்கும். நம்மவர்கள் திருப்பூரில் அப்படி எதையும் ஊன்றவில்லை. முப்பது வருஷம் இருந்தாலும் காதுகுத்துக்குக் குலதெய்வத்தைத் தேடித் தெற்கேதான் போவார்கள். பலருக்கு ஓட்டும் அங்கேதான். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் கோவில்வழி பேருந்து நிலையத்தில் நிற்க இடமிருக்காது. பத்து நாளைக்குக் கம்பெனிகள் ஆளில்லாமல் கிடக்கும். கிளைவேர் விடாததற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, சாயக்கழிவில் செத்துக்கொண்டிருந்த நொய்யல் ஆற்றுக்கு நியாயம்தான். ஆனால் வேலை போனவர்கள் மூட்டை கட்டித் திரும்பிப்போக ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. 2020 பொதுமுடக்கத்திலும் அந்த வீடுதான் காத்தது.

இப்போது அந்த மின்கம்பத்துத் தாள்கள் இந்தியிலும் வருகின்றன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து முதலில் தனியாட்களாக வந்தவர்கள், இன்று மனைவி மக்களோடு வருகிறார்கள். தொண்ணூறுகளில் தேனிப் பக்கமிருந்து வந்து, டெய்லராகி, பவர் டேபிள் எனும் கூலித் தையல் பட்டறை போட்டு, மிச்சத்தில் எட்டு லைன் வீடு கட்டிய ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "தண்ணியத் தண்ணின்னு பாக்க மாட்டேங்குறாய்ங்க சார். ஒத்த ரூம்ல ஆறு பேரு. ராத்திரி பூரா சத்தம்" என்று அலுத்துக்கொண்டார். நீங்கள் வந்தபோது எத்தனை பேர் என்று கேட்டேன். "ஏழு பேரு. எங்க ஹவுஸ் ஓனரும் இதத்தான் சொல்லுவாரு" என்று சிரித்தார். தமிழ்க் குடும்பங்களுக்கு விடும் வாடகையைவிட வடக்கத்தியாரிடம் முன்னூறு ரூபாய் கூட வாங்குவதாகவும் அவரே சொன்னார்.