மோதாமலே ஒரு மோதல்



ஜெட் விமானம் ஒலியை மிஞ்சிப் பறந்தால் 'டமார்' என்று கேட்கும். அதுதான் அதிர்ச்சி அலை. காற்று மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முட்டுவதால் அது உண்டாகிறது. முட்டலே இல்லாத விண்வெளியில் எப்படி வரும் என்கிறீர்களா? வருகிறதே!

சூரியனிலிருந்து புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசிக்கொண்டே இருக்கின்றன. ஒரு கன சென்டிமீட்டரில் ஏதோ ஐந்தாறு புரோட்டான்கள்தான். ஒன்று இன்னொன்றோடு மோத ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆனாலும் பூமிக்கு முன்னால், சுமார் 90,000 கிலோமீட்டர் தொலைவில், அந்தக் காற்று சட்டென்று வேகம் குறைந்து சூடாகிறது. 1963-ல் ஏவப்பட்ட இம்ப்-1 செயற்கைக்கோள் இதை அளந்து காட்டியது. தடுப்பது யார்? காந்தப்புலமும் மின்புலமும்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. இந்த அலை சும்மா நிற்பதில்லை. வருகிற அயனிகளில் சில திருப்பி அடிக்கப்பட்டு, காந்தப்புலத்தில் சுழன்று, அலைக்கு முன்னாலேயே கூட்டம் சேர்கின்றன. கூட்டம் பெருத்ததும் அதுவே புது அலைமுகமாகிவிடும், பழையது மங்கிவிடும். திரும்பவும் அதே கதை! 2007-ல் வாயேஜர்-2 சூரியக் காற்றின் எல்லையில் உள்ள அலையைக் கடந்தபோது, இப்படிப் புதிதாக உருவாகிக்கொண்டிருந்த அலைமுகத்தையே பார்த்தது.

இதைக் கம்ப்யூட்டரில் போடுவது எப்படி? வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். லட்சக்கணக்கான துகள்களை விடுகிறார்கள். கட்டங்களில் மேக்ஸ்வெல் சமன்பாடு புலத்தைச் சொல்லும். புலம் தரும் விசையால் நியூட்டன் விதிப்படி துகள் நகரும். நகர்ந்ததும் புலம் மாறும். இப்படியே சின்னச் சின்ன நேர அடிகளாக ஓடும். முதல் வருஷத்தில் நாம் மனப்பாடம் பண்ணிய அதே நியூட்டன்தான்!

சிக்கல் எடையில். புரோட்டான் எலக்ட்ரானைப் போல 1836 மடங்கு கனம். அப்படியே போட்டால் கணக்கு முடியவே முடியாது போலிருக்கும். அதனால் பலர் அந்த விகிதத்தை நூறுக்கும் கீழே குறைத்துக்கொண்டார்கள். எங்க அப்பா கொத்தனார்; பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. இதைச் சொன்னபோது, "கம்பியை மிச்சம் புடிக்கலாம்டா. எங்க புடிச்சோம்னு தெரிஞ்சிருக்கணும். இல்லேன்னா கட்டடமே சொல்லிடும்" என்றார். அப்படித்தான் ஆனது. 2003-ல் ஷோலர், மத்சுகியோ போன்றோர் உண்மையான விகிதத்தைப் போட்டுப் பார்த்தபோது, சிக்கனக் கணக்கில் தலைகாட்டாத அலைகள் அலைமுகத்தின் முன்னால் கிளம்பின. அயனிகள் குளிர்ந்திருந்தால் அலைமுகம் புதுப்பித்துக்கொள்வது மட்டும் நிஜம் என்றும் தெரிந்தது.

"இதெல்லாம் டிப்ளமோவுக்கு எதுக்குடா?" என்று ஹாஸ்டலில் கேட்கிறார்கள். சூரிய வெடிப்பு கிளப்பும் அதிர்ச்சி அலைகள் துகள்களை முடுக்கிவிடும். அவை செயற்கைக்கோளின் மின்னணுச் சில்லுகளைக் கெடுக்கும். அந்தச் சில்லுகளைச் செய்பவர்களும் சோதிப்பவர்களும் நம்மைப் போன்றவர்கள்தானே?

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். டிப்ளமோ முடிந்ததும் வேலைக்குப் போவதா, பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேருவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. கடன் இருக்கிறது, தங்கச்சி படிப்பும் இருக்கிறது. வேலைக்கே போனாலும் இந்தக் கணக்கை விடப் போவதில்லை. ஒரே ஒரு பரிமாணத்தில், சில ஆயிரம் துகள்களோடு, நம்ம லேப் கம்ப்யூட்டரிலேயே சின்னதாக ஒன்றை ஓட்டிப் பார்க்கலாம். கூட வர்றவங்க கை தூக்குங்க!