மெஷின் குழைக்கும், உருட்டாது

என் குசினியில் பாண் போடும் மெஷின் ஒன்று இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் வீடு மாறும்போது தந்துவிட்டுப் போனது. இரவு மாவையும் தண்ணீரையும் ஈஸ்டையும் போட்டுப் பொத்தானை அமத்திவிட்டுப் படுத்தால் விடிய வீடு முழுக்கப் பாண் மணக்கும். அந்தத் துணிவில்தான் பேகலில் கைவைத்தேன். வந்தது பேகல் இல்லை, ஓட்டை மூடிப்போன உழுந்து வடை. அடுத்த முறை மாவை இறுக்கமாகப் போட்டேன். மெஷின் உறுமிக்கொண்டு மேசையில் நடந்து விளிம்புவரை வந்துவிட்டது.

மொன்றியலில் இருந்துகொண்டு இதற்குப் புத்தகம் புரட்டுவது, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஒடியல் கூழுக்குக் குறிப்புத் தேடுகிற மாதிரி. இங்கே மைல் எண்டில் விறகு எரித்துப் பேகல் சுடும் பேக்கரிகள் இருக்கின்றன. இசடோர் ஷ்லாஃப்மன் 1949இல் பெயார்மவுண்ட் தெருவில் திறந்தது ஒன்று. புக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பி வந்த மயர் லெவ்கோவிச் 1957இல் சான் வியாற்றர் தெருவில் தொடங்கியது இன்னொன்று. எது திறம் என்று இந்த ஊர்ச் சனம் குடும்பம் பிரிந்து சண்டை பிடிக்கும். எனக்குச் சூடாகக் கிடைப்பதுதான் திறம்.

ஜனவரி மாதத்து விடியற்காலை, வெளியே மறை இருபது பாகை. அந்த வட்டாரத்துப் பேக்கரி ஒன்றின் கதவைத் திறந்ததும் எள்ளு வறுபடும் வாசனையும் புகையும் ஒன்றாக முகத்தில் அடித்தன. உள்ளே மா உருட்டிக்கொண்டு நின்றவர் வடமராட்சிக்காரர். தொண்ணூறுகளில் வந்தவர். பேரும் வேண்டாம், கடையும் வேண்டாம், மற்றதெல்லாம் எழுதலாம் என்றார்.

“முதல் நாள் இதுக்குள்ள வந்து பாத்தன் பிள்ளை. செங்கல்லு, விறகு, நீட்டுப் பலகை. அட, இது எங்கட போறணையெல்லோ!”

ஊரில் அவருடைய மாமா பேக்கரி வைத்திருந்தவராம். போறணை போர்த்துக்கீசர் எங்களிடம் விட்டுப்போன சொல். கிராக்கோவ் யூதர்களின் 1610ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் பேர் வருகிற ஒரு பண்டத்தை, கனடாக் குளிரில், போர்த்துக்கீசச் சொல்லோடு ஒரு வடமராட்சி மனிதர் சுட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது அதிசயமாகப் படவில்லை. எட்டு மணிக்குள் எத்தனை தட்டு இறக்கவேண்டும் என்பதுதான் அவருடைய கவலை.

மேசையில் ஒரு பெரிய மாக்கட்டி கிடந்தது. கத்தியால் ஒரு கீலம் வெட்டினார். இரண்டு உள்ளங்கையாலும் தேய்த்துக் கயிறாக்கினார். அதை நாலு விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை அறுத்து, இரண்டு நுனியும் ஒன்றன்மேல் ஒன்று வந்த இடத்தை மேசையில் வைத்து ஒரு தேய். வளையம் ரெடி. தராசு இல்லை. கைபேசியில் நேரம் பிடித்துப் பார்த்தேன், நிமிடத்துக்குப் பத்துக்குக் குறையவில்லை. கதைத்துக்கொண்டே செய்தார், கையைப் பார்க்கவேயில்லை.

வளையங்கள் தேன் கலந்த கொதிதண்ணீருக்குள் போயின. பேகலைப் பேகலாக்குவது இந்தக் குளிப்புத்தான். மேற்பரப்பிலுள்ள மாப்பொருள் கூழாகித் தோல் கட்டுகிறது. போறணைக்குள் போனபிறகு அந்தத் தோல் அதை அளவுக்கு மிஞ்சி உப்ப விடாது. அள்ளி எடுத்து ஈரத்தோடு எள்ளில் புரட்டி, நீட்டுப் பலகையில் வரிசையாக அடுக்கி உள்ளே தள்ளினார்கள். இங்கே இரண்டு சாதிதான் முக்கியம்: வெள்ளை விதை, கறுப்பு விதை. எள்ளும் கசகசாவும். நியூயோர்க் பேகலைவிட இது சின்னது, இனிப்பானது, ஓட்டை பெரியது.

போறணையில் நின்றவர் இன்னும் இளம் பெடியன். முழங்கைக்குக் கீழே பழைய சூட்டுத் தழும்புகள். உருட்டுகிறவருக்கு மணிக்கட்டு. “இரவில விறைக்கும். விடிய சுடுதண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் வைச்சிட்டுத்தான் வேலைக்கு வாறது.” அயலவர்கள் விறகுப் புகையைப் பற்றி முறைப்பாடு செய்ததால் இந்தப் பக்கத்துப் பேக்கரிகள் புகைக்கு வடிகட்டி வைத்திருக்கின்றன. கைக்கு அப்படி ஒன்றும் இல்லை. 2008இல் விண்வெளி வீரர் கிரெகரி ஷாமிற்றோஃப் பெயார்மவுண்டின் எள்ளுப் பேகல் பதினெட்டை விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோன கதையைச் சொன்னேன். “அங்கயும் ஆரோ உருட்டினதைத்தானே திண்டவை” என்றார்.

என் மெஷினைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். “குழைக்கும் பிள்ளை. உருட்டாது.”

குழைக்கவும் அது சும்மா பழகவில்லை. எண்பதுகளில் ஜப்பானின் மற்சுஷிற்றா நிறுவனம் வீட்டுக்கான பாண் மெஷினைச் செய்யத் தொடங்கியபோது மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. மெஷின் குழைத்த மாவையும் பேக்கரிக்காரர் குழைத்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள், விளங்கவில்லை. கடைசியில் இக்குக்கோ தனாக்கா என்ற மென்பொருள் பொறியியலாளர் ஒசாக்காவின் ஹோட்டல் ஒன்றின் தலைமைப் பாண்காரரிடம் போய் வேலை பழகினார். பாண்காரர் மாவை இழுக்கும்போதே முறுக்குவதைக் கண்டுபிடித்தவர் தனாக்காதான். அந்த முறுக்குக்காகப் பாத்திரத்தின் உட்புறத்தில் மேடு வைத்தார்கள். 1987இல் மெஷின் கடைக்கு வந்தது. என் குசினியில் சுழல்வது ஒசாக்காப் பாண்காரரின் கை.

உருட்டவும் மெஷின் வந்ததுதான். நியூயோர்க்கில் பேகல்காரர்களுக்கென்றே 338ஆம் இலக்கத் தொழிற்சங்கம் இருந்தது. ஏறத்தாழ முந்நூறு பேர், இடம் பெரும்பாலும் மகனுக்கும் மருமகனுக்கும்தான். அறுபதுகளில் டானியல் தொம்ஸன் உருட்டும் மெஷினைக் கொண்டுவந்தார். மடக்கி வைக்கும் மேசைப்பந்து மேசையும் அவர் கண்டுபிடித்ததே. லெண்டர்ஸ் நிறுவனம் மெஷினை வாடகைக்கு எடுத்தது. கொஞ்ச வருடத்தில் சங்கம் கரைந்துபோனது. பேகலும் பெருத்து, மெதுமெதுவென்று பணிஸ் மாதிரி ஆனது. எனக்கு அதைப் பேகல் என்று சொல்ல வாய் வருவதில்லை.

என் தவறை வடமராட்சி அண்ணை இரண்டு கேள்வியில் பிடித்துவிட்டார். “மா குழைஞ்சாப்பிறகும் மெஷினை ஓட விட்டனீங்களோ? உப்புப் போட்டனீங்களோ?” இரண்டுக்கும் ஓம் என்றேன். உப்பு மொன்றியல் பேகலில் கிடையாது. என் தவறின் பெரும்பங்கு முதல் கேள்வியில் இருந்தது: குழைந்து முடிந்ததும் நிற்பாட்டாவிட்டால் மெஷின் தன்பாட்டுக்குச் சூடேற்றி மாவைப் பொங்க வைத்துவிடும். பொங்கிய மா கயிறாகாது.

வீட்டு மெஷினுக்கான அளவு இது: அரைக்கிலோ பாண் மா, ஒரு முட்டை, கால் லீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி தேன், ஏழு கிராம் ஈஸ்ட். இதற்குமேல் போட்டால் மோட்டார் தாங்காது. குழைந்ததும் வெளியே எடுத்துப் பத்து நிமிடம் மூடி வைத்து, உருட்டி, தேன்தண்ணீரில் பக்கத்துக்கு ஒரு நிமிடம். பிறகு 230 பாகையில் இருபது நிமிடம். விறகு வாசனை வராது. அதற்குக் கவலைப்படவும் வேண்டாம்.

போன ஞாயிறு பத்துப் போட்டேன். ஏழு வட்டமாக வந்தன. மூன்று கொதிதண்ணீருக்குள் நுனி விட்டு விரிந்துவிட்டன. படம் எடுத்து அண்ணைக்கு அனுப்பினேன். “நுனியைக் காணாமத் தேய்ச்சிருக்கிறியள்” என்று மறுமொழி வந்தது.