ஏட்டில் இல்லாதது இல்லையா?

அணுவுலகை ஆராயும் குவாண்டம் சாஸ்திரத்திற்கு 1925ஆம் ஆண்டில் ஹைசன்பர்க் புதுவடிவம் கொடுத்தார். அதன் கணக்குகள் இன்றுவரை பிழைத்ததில்லை. ஆயினும் அக்கணக்குகள் உலகைப் பற்றி உரைப்பது யாது என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. கோபன்ஹேகன் நகரத்து நீல்ஸ் போர் வழிவந்தோருட் பலர், “கருவி காட்டுவதைக் கணிப்பதே விஞ்ஞானம்; அளக்குமுன் துகள் எந்நிலையில் இருந்தது என வினவுதல் வீண்” என்பர்.

நாம் தோட்டத்துக் கிராணி. செக்ரோலில் பெயர் ஏறினாற்றான் நாட்கூலி உண்டு. நாள் முழுதும் வெயிலில் உழைத்த ஒருவனைக் குறித்து, “ஏட்டில் பெயர் இல்லை, ஆகவே வேலையும் இல்லை” என்று மேலிடத்தார் தீர்ப்புரைக்கக் கேட்டிருக்கிறோம். அவன் வேர்வை ஏட்டைக் கேட்டா சிந்திற்று? ஆதலின், பதிவானதே உண்மை என்று எத்துணைப் பேரறிஞர் கூறினும் நம் மனம் எளிதில் இசைவதில்லை.

ஐன்ஸ்டைனும் இசைந்தாரில்லை. 1935இல் பொடோல்ஸ்கி, ரோசன் என்பாருடன் எழுதிய கட்டுரையில், இச்சாஸ்திரம் உண்மையை முழுதும் எடுத்துரைக்கவில்லை என வாதிட்டார். அவ்வாதம் நமக்கு உவப்பானதே. ஆயின் உவப்பு சான்றாகுமோ?

சோதிக்கும் வழியை 1964இல் ஜான் பெல் கண்டார். ஓரிடத்திற் பிறந்த இரு துகள்கள் வெவ்வேறு திசையிற் பிரிந்து செல்கின்றன. ஒவ்வொன்றும் தன் விடையை முன்பே சுமந்து செல்வதாகவும், இங்குச் செய்யும் அளவை அங்குள்ளதைத் தொடாததாகவும் கொண்டால், எதை அளப்பதென ஆய்வாளர் தம் விருப்பப்படி தெரிந்துகொள்ளுமிடத்து, இரு விடைகளின் பொருத்தம் ஓர் எல்லையைத் தாண்டலாகாது. 1972இல் ஃப்ரீட்மனும் கிளவுசரும், 1982இல் அஸ்பேயும் சோதித்தனர், எல்லை தாண்டப்பட்டது. எஞ்சிய முக்கிய ஐயங்களையும் அடைத்து 2015இல் நிகழ்ந்த சோதனைகளும் அதனையே உறுதி செய்தன. கிளவுசர், அஸ்பே, சைலிங்கர் மூவரும் 2022இல் நோபல் பரிசு பெற்றனர்.

இது கண்டு, “உலகம் மனத்தின் கற்பனையே, விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது” என்று மேடையேறுவோர் உளர். அன்பர்களே, தோற்றது உலகம் அன்று. முன்பே எழுதப்பட்ட விடை, தொலைவைத் தொடாத அளவை ஆகிய இவ்விரண்டும் ஒருங்கே நில்லா என்பதே முடிவு. டேவிட் போம் 1952இல் வகுத்த கொள்கையில் துகளுக்கு எக்காலத்தும் திட்டமான இடமுண்டு. ஆனால் தொலைவிலுள்ளவையும் ஒன்றையொன்று உடனே பாதிக்கும். மெய்ம்மையைக் காக்க அவர் கொடுத்த விலை அது.

உலகம் நம் பார்வைக்கு முன்பே உண்டு என்பதே நம் துணிபு. அது நாம் விரும்பும் வண்ணம் இருந்தாகவேண்டும் என்று கட்டளையிட நாம் யார்? மெய்ம்மையை நம்புவோர் அதன் விலையையும் அறிந்து நம்புக. விலை கூறாது விற்போரிடம், அவர் எவ்வுடை தரித்தவராயினும், வாங்காதொழிக.